சென்னையில் இருந்து டொராண்டோ: தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

அம்மா முதன்முதலாக டொராண்டோவுக்குக் கிளம்பியபோது, "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்டார். அப்பா டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலையில அஞ்சரைக்குக் கிளம்பினா சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய்ச் சேர்ந்துடலாம். பதினொன்றரை மணி நேரம்தான்."

அம்மா அதை அப்படியே நம்பினார். ஒரு வேளை மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, மீதியை எல்லாம் பெரிய பெட்டியின் அடியில், புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டார். முந்தின நாள் இரவு பெட்டியை எடை பார்க்கும்போதுதான் பேச்சோடு பேச்சாக விஷயம் வெளியே வந்தது. பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினோம். ஏனென்றால் அந்தப் பயணம் 22 மணி நேரம்.

அப்பா கணக்கில் தப்பு எதுவும் இல்லை. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் சென்னைக் கடிகாரப்படி இருக்கும். இறங்கும் நேரம் டொராண்டோக் கடிகாரப்படி இருக்கும். இரண்டு கடிகாரங்களை வைத்துக் கழித்தால் வரும் விடைக்குப் பயணத்தோடு சம்பந்தமே கிடையாது. பெற்றோரை முதல்முறை அனுப்பும் பலர் வீட்டில் இந்தக் குழப்பம் நடக்கிறது. அதனால்தான் தூரத்தில் ஆரம்பித்து, காற்று, வான்வழி, இடைநிறுத்தம், கடிகாரம் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன். ஊர் வேறாக இருந்தாலும் வழி இதுதான். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: ஊரை விடுங்கள், விமான நிலையத்தைப் பிடியுங்கள்

தூரம் என்பது விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ள தூரம். சென்னைக்குக் குறியீடு எம்.ஏ.ஏ. டொராண்டோவில் இரண்டு உண்டு. நம் ஊர்ப் பயணிகள் இறங்குவது பியர்சன், குறியீடு ஒய்.ஒய்.இசட். ஏரியில் உள்ள தீவில் பில்லி பிஷப் என்று இன்னொன்று இருக்கிறது, குறியீடு ஒய்.டி.இசட், அங்கே சிறிய விமானங்கள்தான். எழுத்து ஒன்று மாறினால் நிலையமே மாறிவிடும், தேடும்போது கவனம்.

பியர்சன் இருப்பது நகரத்துக்கு மேற்கே, மிசிசாகா பக்கம். தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவும் மார்க்கமும் கிழக்கிலும் வடகிழக்கிலும் இருக்கின்றன. ஆகவே இறங்கிய பிறகும் காரில் ஒரு நல்ல தூரம் பாக்கி இருக்கும்.

படி 2: நேர்த்தூரத்தை அளப்பது

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக் கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று மேற்கே போகும். அது குறுக்குவழி அல்ல. உருண்டையாக இருக்கும் பூமியைத் தட்டையாக விரித்ததால் வரும் மயக்கம் அது.

பிள்ளைகள் படிக்க வாங்கிய உலக உருண்டை வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். ஒரு நூலைச் சென்னையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை டொராண்டோவில் வைத்து, தொய்வு இல்லாமல் இழுங்கள். நூல் மேற்கே போகாது. சட்டென்று வடக்கே வழுக்கிக்கொண்டு ஏறும். ராஜஸ்தான், பாகிஸ்தான், கசகஸ்தான், ரஷ்யா, அப்புறம் பேரன்ட்ஸ் கடல், கிரீன்லாந்தின் பனிப்பரப்பு, டேவிஸ் நீரிணை, வடக்கு கியூபெக் வழியாக ஒன்டாரியோவில் வந்து இறங்கும். அந்தக் கோடு உச்சத்தில் கிட்டத்தட்ட 73.6 டிகிரி வடக்கு வரை போகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே! நான் முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது நூல் நழுவிவிட்டது என்று நினைத்து மறுபடி இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் அதே இடத்தில்தான் போய் நின்றது.

உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் சுமார் 425 கி.மீ. நூல் 31.5 செ.மீ. வரும். பெருக்கினால் 13,390 கி.மீ. பக்கத்தில் நிற்கும்.

துல்லியமாக வேண்டுமா? மொபைலில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கை வாக்கில் திருப்பினால் சைன், கோசைன் பட்டன்கள் வரும். அது டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை நிலையம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. பியர்சன் 43.68 வடக்கு, 79.63 மேற்கு. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 159.8 டிகிரி.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.6906 = 0.155.
அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும், 159.8-இன் கோசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.7232 × (−0.9385) = −0.661.
இரண்டையும் கூட்டினால் −0.506. இதற்குத் தலைகீழ்க் கோசைன் (cos⁻¹ பட்டன்) 120.4 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 13,390 கி.மீ.

விமானிகள் பேசுவது கடல் மைலில். 1.852-ஆல் வகுத்தால் சுமார் 7,230 கடல் மைல்.

படி 3: விமானம் உண்மையில் போகும் வழி

சென்னையில் இருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. தூரம் மட்டும் காரணம் அல்ல. சிங்கப்பூரில் இருந்து நியூயார்க்குக்கு 15,300 கி.மீ.க்கு மேல் நிற்காமல் பறக்கிறார்கள், 18 மணி நேரத்துக்கும் மேலே. அதற்கென்றே அதிக எரிபொருள் பிடிக்கும் ஏ350 ரகம் வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி விமானத்தைத் தினமும் நிரப்பும் அளவுக்கு, கூடுதல் கட்டணம் கொடுக்கும் கூட்டம் வேண்டும். ஆகவே நாம் ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். எந்த ஊர் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே சொன்ன கணக்கையே போட்டுக் கூட்டினேன்:

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
லண்டன் வழி: 8,230 + 5,700 = 13,930 கி.மீ.
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,590 + 6,340 = 13,930 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.
தோகா வழி: 3,290 + 10,880 = 14,170 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,710 + 12,550 = 16,260 கி.மீ.

டெல்லியைப் பாருங்கள். நூல் போகும் பாதையில் கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்திருக்கிறது; பத்து கி.மீ.தான் கூடுதல். லண்டனும் துபாயும் படத்தில் வேறு வேறு திசையில் தெரிந்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் 80 கி.மீ.தான், ஐந்தாறு நிமிடப் பறப்பு. ஆகவே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தூரத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் ஐரோப்பா வழியைத்தான் சொல்வேன். துபாய் வழியில் ஒரு கட்டம் நான்கு மணி நேரம், அடுத்தது பதினான்கு மணி நேரம். லண்டன் வழியில் பதினொன்றும் எட்டும். ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம் கால் மடக்கி உட்காருவதை விட இது எவ்வளவோ மேல். ஹாங்காங் போல் கிழக்கே சுற்றுவதென்றால் கிட்டத்தட்ட 2,900 கி.மீ. அதிகம், டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் இதையும் சேர்த்து யோசியுங்கள்.

படி 4: கிலோமீட்டரை மணி நேரமாக்குவது

பெரிய விமானங்கள் உயரே ஏறிய பிறகு மணிக்கு 900 கி.மீ. அளவில் போகும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. ஓடுபாதைக்குப் போக வரிசையில் நிற்பதும் உண்டு. நான் வைத்திருக்கும் எளிய கணக்கு: தூரத்தை 850-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டு.

சென்னை–டெல்லி: 1,760-ஐ 850-ஆல் வகுத்தால் இரண்டு மணி ஐந்து நிமிடம்; 40-ஐக் கூட்டினால் இரண்டே முக்கால் மணி. டிக்கெட்டில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான்.

டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் வாயிலை விட்டு நகர்வதில் இருந்து, போய்ச் சேரும் இடத்தில் வாயிலில் நிற்கும் வரைக்குமான நேரம். விமானத்துக்குள் கேப்டன் மைக்கில் சொல்வது ஆகாயத்தில் பறக்கும் நேரத்தை மட்டும். அதனால் இரண்டும் அரை மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். கேப்டன் குறைத்துச் சொன்னால் சீக்கிரம் போய்விடுவோம் என்று அர்த்தம் இல்லை.

படி 5: காற்றுக்கு ஒரு பங்கு

லண்டன்–டொராண்டோ 5,700 கி.மீ.க்கு நம் கணக்கில் ஏழு மணி 22 நிமிடம் வருகிறது. ஆனால் போகும்போது எட்டு மணி நேரம் ஒட்டியும், திரும்பி வரும்போது ஏழு மணி நேரத்தை ஒட்டியும் ஆகும். தூரம் ஒன்றுதான், விமானமும் அதே மாதிரிதான். நடுவில் நிற்பது காற்று.

தரையில் இருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக ஒரு வேகக் காற்று ஆறு போல ஓடிக்கொண்டே இருக்கிறது. கனடாவுக்குப் போகும்போது அது எதிரே வரும். திரும்பும்போது பின்னால் இருந்து தள்ளும். எதிர்க்காற்று மணிக்கு 80 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 900-இல் போகும் விமானம் தரைக்கணக்கில் 820-இல்தான் போகும்: 5,700 கி.மீ.க்கு ஆறு மணி 57 நிமிடம். அதே காற்று பின்னால் இருந்தால் 980: ஐந்து மணி 49 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்! குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் பலமாக வீசும். 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவைப் புயல் தாக்கிய வார இறுதியில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் ஒன்று நியூயார்க்கில் இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

ஆகவே மேற்கே போகும் நீண்ட கட்டத்துக்கு அரை மணி நேரம் கூட்டுங்கள். கிழக்கே வரும்போது அரை மணி கழியுங்கள். வீட்டுக் கணக்குக்கு இது போதும்.

படி 6: மூடிய வான்வழிகள்

நூல் காட்டும் வழியில் விமானம் போக முடியுமா என்பது அரசியலையும் பொறுத்தது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதும் உக்ரைன் வான்வெளி மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் ரஷ்யாவின் மீது பறக்கும் வழி பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், கனடா விமான நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சில நாட்களில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது.

இப்போது மறுபடி அந்த நூலை நினைத்துப் பாருங்கள். அது நேராக பாகிஸ்தான் மேலேதான் போகிறது. தூரக் கணக்கில் முதலிடம் பிடித்த டெல்லி வழி, இந்த ஒரு காரணத்தால் நேரக் கணக்கில் பின்னுக்குப் போய்விடும். இந்திய விமானம் தெற்கே குஜராத் பக்கம் வந்து, கடல் மேல் சுற்றிக்கொண்டு போக வேண்டி வரும். நடுவில் எரிபொருளுக்காக நிற்கவும் நேரலாம். டிக்கெட் எடுக்கும் முன் அதே எண் கொண்ட விமானம் போன வாரம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று விமானங்களைப் பின்தொடரும் இணையதளம் ஒன்றில் பாருங்கள். ஐந்து நாள் சராசரி பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

படி 7: நடுவில் இறங்கும் ஊரில் எவ்வளவு நேரம்?

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது உண்டு. ஐரோப்பாவில் ஒரு நிலையத்தில் ஒரு மணி பத்து நிமிட இடைவெளி போதும் என்று எடுத்தேன். முதல் விமானம் 35 நிமிடம் தாமதம். இறங்கி, பஸ் பிடித்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, வாயிலுக்கு ஓடிப்போனபோது கதவு சாத்தியிருந்தது. இரண்டு கட்டமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்ததால் அடுத்த நாள் விமானத்தில் காசு கேட்காமல் ஏற்றிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் புது டிக்கெட்டுக்கு நானே பணம் கட்டியிருக்க வேண்டும். பெட்டியையும் நடுவில் நானே எடுத்து மறுபடி போட்டிருக்க வேண்டும். நூறு டாலர் மிச்சம் என்று தனித்தனியாக எடுக்காதீர்கள், அதிலும் பெற்றோருக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

தனியாகப் போகும் இளவயதுக்காரருக்கு இரண்டு மணி நேரம் போதும். வயதானவர்களுக்கு மூன்றில் இருந்து நான்கு. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும் அது உதவும். மொழி தெரியாத இடத்தில் கூட ஒருவர் வந்து வாயில் வரை கொண்டு விடுவார். அந்த ஊர் வழியாகப் போக இடைவழி விசா தேவையா என்பதை அந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். கையில் உள்ள விசாவைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும்.

படி 8: கடிகாரக் கணக்கு

குழப்பம் இல்லாமல் போட ஒரே வழி, எல்லா நேரத்தையும் உலகத்துக்கே பொதுவான கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது. இந்தியா அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. டொராண்டோ குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம் பின்னே, கோடையில் நான்கு மணி நேரம் பின்னே. ஆகவே நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும், கோடையில் ஒன்பதரை மணி நேரமும் வித்தியாசம்.

ஜனவரியில் ஒரு பயணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சென்னையில் காலை 5.30, கிரீன்விச்சில் 0.00. லண்டனுக்கு 10 மணி 45 நிமிடம். அங்கே இறங்கும்போது 10.45. இடைவெளி 3 மணி 15 நிமிடம். அடுத்த விமானம் 14.00. எட்டு மணி நேரப் பறப்பு, 22.00. அதில் ஐந்தைக் கழித்தால் டொராண்டோவில் அதே நாள் மாலை 5 மணி. சென்னையில் அப்போது மறுநாள் விடியற்காலை 3.30. மொத்தம் 22 மணி நேரம். அப்பாவின் பதினொன்றரையோடு பத்தரையைக் கூட்டிப் பாருங்கள், அதே 22 வரும்.

கோடை நேரம் மாறும் வாரங்களில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒன்டாரியோ மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளும். பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச்சின் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். திரும்ப மாற்றும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, ஒன்டாரியோ நவம்பர் முதல் ஞாயிறு. இந்த இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வழக்கமான ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம்தான் வித்தியாசம்.

படி 9: திரும்பி வரும்போது ஒரு நாள் காணாமல் போகும்

குளிர்காலத்தில் டொராண்டோவில் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கிளம்பினால் கிரீன்விச்சில் 23.00. லண்டனுக்கு ஏழு மணி நேரம், நான்கு மணி நேரம் இடைவெளி, சென்னைக்குப் பத்து மணி நேரம்: மொத்தம் 21. சனிக்கிழமை 20.00 கிரீன்விச். சென்னையில் ஞாயிறு அதிகாலை 1.30.

அதாவது கூப்பிட வருபவர்கள் சனிக்கிழமை இரவே வீட்டில் இருந்து கிளம்ப வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை வர்றாங்க" என்று மட்டும் சொன்னால், திருச்சியில் இருந்து காரில் வருபவர் ஞாயிறு காலையில் சாவகாசமாகப் புறப்படுவார். கிளம்பும்போதும் இதே ஆபத்து உண்டு. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 1.50 என்றிருந்தால் 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சென்னையில் இருந்து வெளிநாட்டுக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. தேதியோடு கிழமையையும், "ராத்திரி" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 10: கையில் ஒரு சீட்டு

வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட, 22 மணி நேரத்தோடு சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது, விமான நிலையம் வரையிலான சாலை, பியர்சனில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி, ஸ்கார்பரோ வரை கார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 28 மணி நேரத்தை எளிதாகத் தொடும். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரிடம் இந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும். எந்த வேளையை எப்போது எடுப்பது என்று அவர் எழுதிக் கொடுப்பார். மருந்துச் சீட்டும், இரண்டு மூன்று நாளுக்கான மருந்தும் கைப்பையில் இருக்கட்டும்.

இப்போதெல்லாம் அம்மா கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுகிறேன். அவர் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். தாளில் இருப்பது முழுக்கச் சென்னை நேரம்:

காலை 5.30: விமானம் ஏறியாச்சு.
மாலை 4.15: லண்டன். சக்கர நாற்காலிக்காரர் வருவார், உட்கார்ந்தே இரு.
மாலை 6.00: இரவு மாத்திரைக்கு முன்னால் சாப்பாடு.
இரவு 7.30: அடுத்த விமானம்.
விடியற்காலை 3.30: டொராண்டோ. வெளியே வரும் கதவுக்கு நேர் எதிரே நிற்பேன்.